ஃப்ரிட்ஜுக்குள்ள வண்டிச் சாவி

என் தங்கச்சிக்குப் பெத்தவங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கு, அதச் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. எங்களுக்கு அவ ரேடியோ. நடக்கறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சவ. அம்மா அலுத்துப் போயி, "இத அணைக்கற பட்டன் எங்கடி இருக்கு"ன்னு என்னைக் கேப்பாங்க, என்னமோ நான்தான் அவளக் கடையில வாங்கிட்டு வந்த மாதிரி. இன்னிக்கு அதே வாயத்தான் ஆயிரக்கணக்கான பேரு வாரா வாரம் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறாங்க. அத வெட்டி ஒட்டி ஒழுங்கு பண்ற வேலை என் தலையில விழுந்திருக்கு. நான் ஒரு வீடியோ கடையில எடிட்டிங் பாக்கறவ. அடுத்தவங்க கல்யாணத்துல யாரு யாரைப் பாத்து மூஞ்சியத் திருப்பினாங்கன்னு பாத்துப் பாத்தே பொறுமை போயிடுச்சு. அதனால என் பேச்சு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், கண்டுக்காதீங்க.

பகல்ல ரேடியோ ஒரு பல் டாக்டர் கிளினிக்ல முன் மேசையில உக்காந்திருக்கா. பேரு கேக்கறது, யாரு அடுத்ததுன்னு சொல்றது, பயந்து நடுங்கறவங்களுக்குத் தண்ணி குடுக்கறது. பல் வலியோட வர்றவங்க யாரும் பந்தா பண்ண மாட்டாங்கன்னு சொல்லுவா. ஒரு நாள் ஒரு அம்மா, ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப் போயி, இவ மேசை மேல சாஞ்சுக்கிட்டு அழுதிருக்காங்க. வலிக்கு இல்லையாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்ல ஒருத்தர்கூட "உனக்கு எப்படிம்மா இருக்கு"ன்னு கேட்டதில்லையாம், இப்ப டாக்டர் "வலிக்குதாம்மா"ன்னு கேட்டதும் தாங்க முடியலையாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ, மைக் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அப்படி ஆரம்பிச்சதுதான் அவளோட பாட்காஸ்ட். பேரு "நீயும் கொஞ்சம்".

அதுல அவ பேசறது சுத்திச் சுத்தி ரெண்டே விஷயம். ஒண்ணு, ஊர் நமக்குப் போட்டு வச்சிருக்கற டைம்டேபிள். இந்த வயசுல கல்யாணம், அடுத்தாப்புல குழந்தை, அதுக்குள்ள சொந்த வீடு, வாசல்ல கார். பெல் அடிச்சா அடுத்த பீரியடுக்கு ஓடணும். "பெல் அடிக்கறது யாருங்க? அவங்க வீட்ல எல்லாம் ஒழுங்கா நடக்குதா?"ன்னு கேப்பா. அவளுக்கு நாப்பது வரப் போகுது, குழந்தை இல்ல, வாடகை வீடு. சொந்தக்காரங்க "அப்புறம்?"னு ஒரு வார்த்தைய இழுக்கற இழுவையிலேயே ஆளக் கொன்னுடுவாங்க. அதெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் பேசறா.

அதுக்குப் பதிலா அவளே ஒரு பழக்கம் கொண்டுவந்தா. கேக்கறவங்க தங்களோட சின்னச் சின்ன மைல்கல்ல எழுதி அனுப்பலாம். பொண்டாட்டி போனதுக்கப்புறம் மகளுக்கு ரெட்டைச் சடை கோணாம பின்னக் கத்துக்கிட்டேன்னு ஒரு லாரி டிரைவர் அனுப்பினார். பேரன் எடுத்த வயசுல முதல் தடவையா ஓட்டலுக்குத் தனியாப் போயி, எனக்குப் பிடிச்சத மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்னு ஒரு அம்மா. ரேடியோ அதப் படிச்சுட்டு மைக்குக்கு முன்னாடி தனியா உக்காந்து கை தட்டுவா. ஒத்தை ஆளோட கைதட்டல் கேக்கவே ஒரு மாதிரி இருக்கும். நான் அத வெட்டறதில்ல. கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு சாக்குச் சொல்லக்கூட என் வீட்ல வேற ஆள் கிடையாது, அதனால வாய்விட்டே அழுதுட்டு வேலையப் பாப்பேன்.

இன்னொரு விஷயம் முயற்சி. உறவுன்னா ரெண்டு பக்கமும் மெனக்கெடணும்னு அடிச்சுச் சொல்லுவா. "மனசுல இருந்தா கையில தெரியணும்." இது அவளே உண்டாக்கின வசனம், வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துடும். ஃபோன் பண்ணாத காதலன், கேட்டாத்தான் செய்யற புருஷன், காரியம் ஆகணும்னா மட்டும் வர்ற சிநேகிதி, எல்லாருக்கும் அதே தீர்ப்புதான். எத்தனையோ பேரு அதக் கேட்டுத் தைரியமா ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. நல்ல முடிவுதான். நான் குறை சொல்லல.

ஆனா அவ வீட்டுக்காரரப் பத்திச் சொல்லியாகணும். லிஃப்ட் மெக்கானிக். மாப்பிள்ளை வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு நாங்க கேலி பண்ணுவோம். "சாப்டீங்களா"ன்னா "ம்". "மழை வருமா"ன்னா மேல ஒரு தடவை பாத்துட்டு "ம்". ரேடியோ அவர வா, போன்னுதான் கூப்பிடுவா, அவர் பதிலுக்கு "சொல்லுங்க மேடம்"பார். அதுதான் அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஜோக். நல்ல மனுஷன். ஆனா வாரா வாரம் மைக் முன்னாடி உக்காந்து முயற்சி முயற்சின்னு பேசறவளுக்கு, வீட்டுக்குள்ள ஒரு "ம்" போதுமா? போதாது. அது எனக்கும் புரிஞ்சுச்சு.

இதுல அந்த வண்டிச் சாவி விஷயம் வேற. ரேடியோ ரெக்கார்டு பண்றது ஞாயித்துக்கிழமை காலையில, பெட்ரூம் கதவ மூடிக்கிட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை அவ உள்ள பேசிட்டு இருந்த நேரத்துல நான் போயிட்டேன். தாகமா இருந்துச்சுன்னு ஃப்ரிட்ஜத் தொறந்தா, முட்டை வைக்கற இடத்துல மாப்பிள்ளையோட வண்டிச் சாவி. உள்ள விளக்கும் எரியல. "பல்பு போயிடுச்சு போல மாப்பிள்ளை"ன்னேன். "ம்"ன்னுட்டு அவசரமாக் கதவ மூடினார். மனுஷனுக்கு மறதி முத்திப் போச்சுன்னு தங்கச்சிகிட்ட சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன். "இது மூணாவது தடவைக்கா, நானும் பாத்திருக்கேன்"னா. அடுத்த நிகழ்ச்சியில அதையே எடுத்து விட்டா. "என் வீட்டுக்காரரு சாவிய ஃப்ரிட்ஜுல வைக்கறவரு. அவருக்கு நம்ம ஞாபகம் எங்கேருந்து வரும்?" கேட்டவங்க எல்லாம் சிரிச்சுத் தீத்தாங்க. கமெண்ட்ல சாவிப் படமாப் போட்டுத் தள்ளினாங்க.

அப்புறம்தான் அந்த வேலை மாத்தல் வந்துச்சு. கம்பெனியில மாப்பிள்ளைய வேற ஊருக்குக் கேட்டாங்க. வண்டியில அரை நாள் பயணம். மேஸ்திரி மாதிரி ஒரு பதவி. இஷ்டம் இருந்தா போகலாம், கட்டாயம் இல்ல. அவர் வீட்டுக்கு வந்து "போகவா?"ன்னு கேட்டார். இவ "உன் இஷ்டம்"னா. அவர் "ம்"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு கல்யாணத்தோட தலையெழுத்த நாலு வார்த்தையில முடிச்ச ஜோடிய நான் எங்கயும் பாத்ததில்ல.

"கூட வான்னு ஒரு வார்த்தை கேக்கலக்கா"ன்னா என்கிட்ட. அழல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "போகாம இருக்கேன்னும் சொல்லல. பையில துணி அடுக்கறார். ஊர்ல எல்லாருக்கும் நான் என்ன சொல்றேன்? முயற்சி இல்லாத இடத்துல நிக்காதீங்கன்னு சொல்றேன். என் வீட்லயே அதச் செய்யலேன்னா நான் வெறும் பொய்க்காரிதான."

"அதுக்கு?"

"அவர் ஞாயித்துக்கிழமை கிளம்பறார். திங்கக்கிழமை நிகழ்ச்சியில சொல்லிடப் போறேன். நாங்க இதோட நிறுத்திக்கறோம்னு."

ஞாயித்துக்கிழமை அவர் கிளம்பறதால, வியாழக்கிழமையே கிளினிக்குக்கு லீவு போட்டா. மாப்பிள்ளை வேலைக்குப் போனதும், வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பாத்து ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்பிட்டா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத நான் போட்டுக் கேட்டேன். சொல்லக் கூடாது, ரொம்ப நல்லாப் பேசியிருந்தா. திட்டு இல்ல, அழுகை இல்ல. அவர் நல்லவருன்னே சொல்லியிருந்தா. அதக் கேக்கறதுக்கு அவ திட்டியிருந்தாலே தேவலை. ஆனா பேச்சு முழுக்க அடியில ஒரு சத்தம். ங்ங்ங்னு ஒரு வண்டு பறக்கற மாதிரி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்ன செஞ்சும் போகல. எனக்குக் கோபம் வந்து ஃபோன் போட்டேன்.

"போர்வைய மாட்டினியா இல்லியா?"

"மாட்டினேன்க்கா."

போர்வைக் கதை என்னன்னா, ஆரம்பத்துல அவ ரெக்கார்டிங் எல்லாத்துலயும் இதே வண்டு இருக்கும். நான் ஃபோன்ல காச்சு காச்சுன்னு காச்சினேன், இப்படி அனுப்பினா வேற ஆளப் பாத்துக்கோன்னு. அதுக்கப்புறம் அவ கெட்டியா ஒரு போர்வை தச்சுச் சுவத்துல மாட்டினா. அடுத்த வாரமே வண்டு செத்துப் போச்சு. அந்தப் போர்வையப் பத்தி அவ பெருமை அடிச்சுக்காத நாள் இல்ல. இப்ப அதே போர்வை தொங்குது, வண்டு உயிரோட வந்திருக்கு. எப்படி?

பழைய ரெக்கார்டிங்க எல்லாம் திரும்ப எடுத்தேன், எந்த வாரத்துலேருந்து ஆரம்பிச்சுதுன்னு பாக்க. வெட்டாத முழுசு. ரெக்கார்டு பட்டன அமுக்கிட்டுக் கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம உக்காருன்னு நான்தான் அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். வெறும் ரூமோட சத்தம் எனக்கு வேணும், மத்த சத்தத்தச் சுத்தம் பண்ண உதவும். அவ காதுல எதுவும் மாட்டிக்க மாட்டா, தன் குரல் தனக்கே கேட்டா கூச்சமா இருக்காம். அதனால அந்த ஆரம்பத்துல மைக்குக்கு என்ன கேக்குதுன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன். அன்னிக்குத்தான் காதக் குடுத்துக் கேட்டேன்.

முதல்ல வண்டுச் சத்தம். அப்புறம் சுவத்துக்கு அந்தப் பக்கம் செருப்பு தேயற சத்தம், மெதுவா, தூங்கற வீட்ல நடக்கற மாதிரி. அப்புறம் டக்குனு ஒரு சுவிட்ச். வண்டு அடங்கிடுச்சு. கடைசியா சின்னதா ஒரு சாவிக் கொத்துச் சத்தம், ஒரு கதவு ஒட்டிக்கற சத்தம். அப்புறம்தான் இவ "வணக்கம்"னு ஆரம்பிக்கறா. அடுத்த வாரம் எடுத்தேன். அதே செருப்பு, அதே டக்கு, அதே சாவி. அதுக்கு அடுத்த வாரமும். ஃப்ரிட்ஜுக்குள்ள பாத்த சாவியும் எரியாத விளக்கும் அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

மறுநாள் மாப்பிள்ளை வேலை செய்யற கட்டடத்துக்கே போயிட்டேன். கீழ்த்தளத்துல லிஃப்ட் கதவு தொறந்திருந்துச்சு, குறுக்க ஒரு பலகை வச்சிருந்தாங்க. கையெல்லாம் கிரீஸோட வந்தார். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது.

"மாப்பிள்ளை, அவ ரெக்கார்டு பண்றப்ப ஃப்ரிட்ஜ அணைக்கறது நீங்கதானா?"

அவர் மூஞ்சி மாறிடுச்சு. "பால் கெட்டுப் போச்சாக்கா?"ன்னார்.

"பால விடுங்க. எதுக்கு அணைக்கறீங்க?"

"சத்தம் வருதுன்னு ஆரம்பத்துல நீங்க ஃபோன்ல திட்டினீங்கள்ல. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, கேட்டுச்சு. அவ உக்கார்ற சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் ஃப்ரிட்ஜு ஒட்டி நிக்குது. நகத்த இடம் இல்ல."

"அத அவகிட்ட சொல்றதுக்கு என்ன?"

கையத் துணியில தொடச்சார். "போர்வையாலதான் சத்தம் நின்னுச்சுன்னு சந்தோஷமா இருந்தா. ரெண்டு நாள் உக்காந்து தச்சது."

"அப்ப அந்தச் சாவி?"

அப்பத்தான் மனுஷன் நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினார். வேலையப் பத்தின்னா பேச்சு வரும் போல. "லிஃப்டுக்குள்ள இறங்கணும்னா மெயின் சுவிட்ச அணைச்சு அந்தப் பெட்டியப் பூட்டிட்டு, சாவிய என் பாக்கெட்டுல போட்டுக்குவேன். நான் வெளிய வராம எவனும் கரண்ட் போட முடியாது. வீட்ல அதுக்கு நேர் எதிர். திரும்பப் போடாம நான் வெளிய போயிடக் கூடாது. எங்க போறதுன்னாலும் வண்டிச் சாவி வேணும். சாவி வேணும்னா ஃப்ரிட்ஜத் தொறக்கணும். தொறந்தா உள்ள இருட்டா இருக்கும். உடனே ஞாபகம் வந்துடும்."

பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். "ஊரே சிரிச்சுதே மாப்பிள்ளை, அந்தச் சாவிய வச்சு."

"கேட்டேன். நல்லாத்தான் சொன்னா." லேசாச் சிரிச்சார். "ஒரு வாரம்கூட விட்டதில்லக்கா. மெஷின் ரூம்ல ஒரு காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன்."

"அப்புறம் எதுக்கய்யா ஊர விட்டுப் போறீங்க?" சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போட்டுட்டேன், வாட்ச்மேன் திரும்பிப் பாத்தார்.

"போகவான்னு கேட்டேன். உன் இஷ்டம்னா. கூட வான்னு கூப்பிட்டா, கிளினிக்கு, நிகழ்ச்சி எல்லாத்தையும் எனக்காக விடணும். நான் போகலேன்னா, என்னாலதான் பதவி போச்சுன்னு அவ மனசுல இருக்கும். போகாதன்னு அவளே சொன்னா நின்னிருப்பேன். அவ சொல்லல." அப்புறம், "ஃப்ரிட்ஜு விஷயம் அவகிட்ட சொல்லாதீங்கக்கா. இப்பப் போயிச் சொன்னா, செஞ்சதச் சொல்லிக் காட்டற மாதிரி இருக்கும்"னார்.

நான் எந்த வாக்கும் குடுக்கல. என் வயித்துல ரகசியம் தங்காதுன்னு ஊருக்கே தெரியும். இந்த ரெண்டு பேரையும் ஒரு லிஃப்டுக்குள்ள விட்டுக் கதவ அடைச்சா என்னன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வழியனுப்ப வந்தேன்னு சொல்லிக்கிட்டு லேப்டாப்போட போயிட்டேன். கூடத்துல மாப்பிள்ளையோட பை தயாரா இருந்துச்சு. அவர் குளிச்சுட்டு இருந்தார். ரேடியோவ பெட்ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயி, கட்டில்ல உக்கார வச்சு, ஹெட்ஃபோன மாட்டி விட்டேன். எல்லா வாரத்தோட ஆரம்பத்தையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒட்டி வச்சிருந்தேன். செருப்பு, டக்கு, சாவி. செருப்பு, டக்கு, சாவி.

"என்னக்கா இது, என் செருப்பா?"ன்னா.

"நீ உள்ள உக்காந்திருக்கடி. உன் செருப்பு எப்படி அடுக்களையில நடக்கும்?"

அப்புறமும் கேட்டா. நாலஞ்சு வாரம் போனதும் அவ கண்ணு சுவத்துப் பக்கம் திரும்பிடுச்சு, போர்வை தொங்கற சுவரு. கடைசியா வியாழக்கிழமை ரெக்கார்டிங் வந்துச்சு. அதுல செருப்பு இல்ல, டக்கு இல்ல. வண்டு மட்டும் ங்ங்ங்னு பறந்துச்சு, அதுக்கு மேல அவ குரல். அவளே நிறுத்தினா. ஹெட்ஃபோனக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா.

"வண்டு செத்ததுலேருந்தா?"

"அப்பலேருந்துதான்."

"அந்தச் சாவியும் இதுக்குத்தானா?"

மாப்பிள்ளை சொன்னத ஒண்ணு விடாம சொன்னேன். கட்டடம், பெட்டி, இருட்டு, மெஷின் ரூம், எல்லாம். போகாதன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேன்னு அவர் சொன்னதையும் சொன்னேன். ரேடியோ அழுதா. சத்தம் போடாம, தலையக் குனிஞ்சுக்கிட்டு, ரொம்ப நேரம். "கையிலதான் இருந்திருக்குக்கா. நான் என்னைக்காவது எழுந்து போயிப் பாத்தேனா"ன்னா. என் தங்கச்சி அழுதா எனக்குப் பாக்க முடியாது. தலையத் தடவிக் குடுத்தேன். "மூக்கத் தொடைடி, அவர் வந்துடுவார்"னேன்.

அவ எழுந்து வெளிய போனா. அடுக்களையில என்னமோ நடமாட்டம் கேட்டுச்சு. நான் லேப்டாப்ப மூடி வைக்கறதுக்குள்ள மாப்பிள்ளை குளிச்சு, சட்டை மாட்டி, கூடத்துக்கு வந்துட்டார். சாவி மாட்டற ஆணியப் பாத்தார். மேசைய, சட்டைப் பைய எல்லாம் பாத்தார்.

"சாவியக் காணோமே"ன்னார்.

"ஃப்ரிட்ஜுல இருக்கு"ன்னா ரேடியோ. அடுக்களை வாசல்ல நின்னுட்டு இருந்தா.

அவர் ஒரு நிமிஷம் அவளப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் சீலிங்கப் பாத்தேன். தோள்ல பையோட போயி ஃப்ரிட்ஜத் தொறந்தார். உள்ள இருட்டு. முட்டைக்குப் பக்கத்துல சாவி. அவர் கண்ணு நேரா பெட்ரூம் கதவுக்குத்தான் போச்சு, ரெக்கார்டிங் நடக்குதோன்னு. கதவு தொறந்து கிடந்துச்சு. மைக்கு உறை போட்டு மூடியிருந்துச்சு. ரேடியோ அவர் பக்கத்துலதான் நின்னா, கண்ணெல்லாம் வீங்கிப் போயி.

அவருக்குப் புரிஞ்சுடுச்சு. கதவப் பிடிச்ச கை அப்படியே நின்னுச்சு. உள்ள இருந்த பாத்திரத்தப் பாத்துட்டு, "பால் கெட்டுப் போயிடும்"னார்.

"போகட்டும்"னா. "நீ போகாத."

இத்தனை வருஷமா அவ பேச்ச வெட்டிக்கிட்டு இருக்கேன். அந்த ரெண்டு வார்த்தையில வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. மாப்பிள்ளை பையத் தோள்லேருந்து இறக்கிக் கீழ வச்சார். கைய நீட்டி சுவிட்சப் போட்டார். உள்ள விளக்கு எரிஞ்சுச்சு, வண்டு திரும்பப் பறக்க ஆரம்பிச்சுச்சு. சாவிய எடுக்கல, கதவ மட்டும் மூடினார்.